பொருள்: ‘த்ரெஷோல்ட் இஞ்சுரி’க்குத் தமிழ் – வியாழன் மாலைக்குள் வேண்டும்

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். நியூ சவுத் வேல்ஸில் வாகன விபத்தில் காயம்பட்டவர்கள் கட்டாயக் காப்புறுதியில் (இங்கே எல்லோர் வாயிலும் ‘கிரீன் ஸ்லிப்’தான்) எப்படிக் கோருவது என்ற கைநூல் என் மேசையில் கிடக்கிறது. 28 நாளுக்குள் கோரினால் விபத்து நடந்த நாள் முதலே வருமான இழப்புக்குப் பணம், இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும் என்பதெல்லாம் எழுதியாயிற்று. இடறுவது ஒரு சொல். 2017ஆம் ஆண்டுச் சட்டம் ‘மைனர் இஞ்சுரி’ என்றது. ‘சிறு காயம்’ என்று போட்டோம். கழுத்தைத் திருப்ப முடியாதவரிடம் ‘சிறு’ என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? 2023 ஏப்ரல் 1 முதல் அதை ‘த்ரெஷோல்ட் இஞ்சுரி’ ஆக்கிவிட்டார்கள். மென் இழையக் காயங்களும் (தசை போன்ற மெல்லிய திசுக்களில் படுபவை) மனநோய் அளவுக்குப் போகாத உளப் பாதிப்பும் இதில் அடங்கும். எலும்பு முறிவும் தசைநாண் அறுவதும் சேரா. இந்தக் காயம் மட்டுமே என்றால் வாராந்தப் பணம் 52 வாரத்தோடு நிற்கும், நட்டஈட்டு வழக்கும் போட முடியாது. ஆகவே சொல் தெளிவாக இருக்க வேண்டும்.

புலவர் ஐயா:
‘த்ரெஷோல்ட்’ என்பது வாயிற்படி. ஆகவே ‘வாயிற்காயம்’ என்க. ‘இல்வாய்’ என்பதே முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று. ‘இல்முன்’ ‘முன்றில்’ ஆனாற்போல. இலக்கணப் போலி.

மதுரை வழக்கறிஞர்:
ஐயா, படிக்கிறவன் பல் உடைந்ததென்று நினைப்பான். நம்மூர் நீதிமன்றத் தமிழில் ‘கொடுங்காயம்’ இருக்கிறதே, அதற்கு எதிராக ஒன்றை வைத்தால் என்ன?

புலவர் ஐயா:
‘காயம்’ என்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. உடம்புக்கும் அதே சொல், கறியில் போடுவதற்கும் அதே சொல். புண் என்ற நல்ல சொல் இருக்க ஏன் இந்த இரவல்? வள்ளுவர் விழுப்புண் என்றாரே.

யாழ்ப்பாணத்து ஆசிரியை (இப்போது மெல்பர்ன்):
ஐயா கோபிக்கக் கூடாது. இங்கே பாதிப் பேருக்குச் சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த கார் இடித்துக் கழுத்துப் பிடித்தது. அது மார்பில் ஏற்கும் விழுப்புண் இல்லை, முதுகில் படும் புறப்புண். வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி, வடக்கிருந்து (வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து) உயிரை விட்டான். எங்கள் சனம் படிவம் நிரப்பாமல் வடக்கிருக்கத் தொடங்கினால் யார் பொறுப்பு?

புலவர் ஐயா:
அம்மா சொன்னது நயம். ஆனால் பெருஞ்சேரலாதன் பட்டது மார்பை ஊடுருவி முதுகில் வெளிப்பட்ட வேல். அதைப் புறப்புண் எனக் கொள்வது தகுமா என்பது தனி ஆய்வு. நாளை விரிவாக எழுதுகிறேன்.

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நாளைதான் வியாழன்.

கோவை இயற்பியல் ஆசிரியர்:
‘த்ரெஷோல்ட் ஃப்ரீக்வென்சி’யைப் பாடநூலில் ‘பயன்தொடக்க அதிர்வெண்’ என்று பல வருடமாக நடத்துகிறோம். பயன்தொடக்கக் காயம்?

மதுரை வழக்கறிஞர்:
காயத்தால் என்ன பயன் என்று கேட்பார்கள் சார். பணம் என்று சொன்னால் கேஸே போய்விடும்.

ஆசிரியை:
எங்களுக்கு அதிர்வெண்ணே மீடிறன். அந்தப் பக்கம் போக வேண்டாம். ‘வரம்புக் காயம்’ சரிவருமா? வயல் வரம்பு எல்லோருக்கும் தெரியும்.

மதுரை வழக்கறிஞர்:
எங்கள் பக்கம் அது வரப்பு. ‘வரம்பு’ என்றதும் ‘மீறுதல்’தான் நினைவுக்கு வரும். வரம்பைத் தாண்டிய காயமா, தாண்டாததா? பணம் நிற்பது தாண்டாதவருக்கு. கட்சிக்காரர் தலைகீழாகப் புரிந்துகொண்டால் ஒரு வருடம் சும்மா காத்திருப்பார். ‘வரம்புக்குட்பட்ட காயம்’ என்று நீட்டினால் சந்தேகம் இல்லை.

கோவை இயற்பியல் ஆசிரியர்:
அரசாங்கம் அனுமதித்த அளவுக்கு அடிபட்டதுபோல் இருக்கிறது.

தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் (சிட்னி):
இவ்வளவு நேரமும் வாசித்தேன். என்னிடம் பேசுகிற அம்மாமார் ‘த்ரெஷோல்டாம் தம்பி, அப்படியெண்டால் என்ன?’ என்றுதான் கேட்கிறார்கள். காப்புறுதிக் கம்பனி அனுப்பிய கடிதத்தில் அவர்கள் காண்பது அந்தச் சொல்லைத்தான். தமிழ் எதுவானாலும் அந்த ஒலிப்பையும் பக்கத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் கைநூலையும் கடிதத்தையும் அவர்களால் பொருத்திப் பார்க்க முடியாது.

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:
எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முதலில் வருமிடத்தில் ‘வரம்புக்குட்பட்ட காயம் (த்ரெஷோல்ட் இஞ்சுரி)’, கீழே ஒரு வரி விளக்கம். பிறகு தமிழ் மட்டும். மூவர் சம்மதம், ஒருவர் சிரித்துவிட்டுப் போனார், ஐயா எதிர்ப்பு. கோப்பை அனுப்புகிறேன்.

புலவர் ஐயா:
எதிர்ப்பைப் பதிவு செய்க. ‘உட்பட்ட’ என்ற பெயரெச்சத்தைச் சுமக்கும் கலைச்சொல் நெடுநாள் நிற்காது. ‘வரம்புப்புண்’ போதும்.

ஆசிரியை:
அது சரி, இடித்துவிட்டு ஓடின வாகனம் எதுவென்று தெரியாவிட்டால் ‘நாமினல் டிஃபெண்டன்ட்’ மீது கோர வேண்டுமே, அதற்கு என்ன போட்டீர்கள்?

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:
பெயரளவுப் பிரதிவாதி. தயவுசெய்து யாரும் பதில் எழுத வேண்டாம்.

புலவர் ஐயா:
‘பிரதிவாதி’ வடசொல்.