ஆச்சி வீட்டுப் பத்தாயப் பலகையில் எலெக்ட்ரிக் கிட்டார்: கட்டை போதுமா, எப்படி ஒட்டணும்?

அம்பை ஆறுகம்பி:

ஆச்சி நினைவா ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யணும். அவங்க வீட்டு நெல்லுப் பத்தாயத்தைப் பிரிச்சு எடுத்த தேக்குதான் கட்டை. மூணு பலகை இருக்கு. ஒவ்வொண்ணும் 4 அடி நீளம், 9 இஞ்ச் அகலம், 24 மி.மீ. கனம். ஒரு பக்கம் பழைய பச்சைப் பெயிண்ட், அங்கங்க ஆணித் தடம். பத்தாயத்துக் கால் ஒண்ணும் கிடக்கு, 3×3 இஞ்ச், பலகை சொருகுற காடியோட.

டெலிகாஸ்டர் (சுருக்கமா டெலி, ஃபெண்டர் கம்பெனி மாடல்) வடிவம், ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்குற காந்தச் சுருள்), 25.5 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிருற நீளம்). தச்சு வேலைக்கு ஆசாரி இருக்கார், அவர்கிட்ட மரம் குடையுற ரௌட்டர் மெஷினும் இருக்கு. ஆனா கிட்டார் அவருக்குப் புதுசு.

கேள்வி இதுதான்: கட்டை போதுமா? பலகையை எப்படி ஒட்டணும்? அந்தக் கால் நெக்குக்கு (கிட்டார் கழுத்துக்கு) ஆகுமா? ஆச்சியோட பித்தளை வெற்றிலைச் செல்லம் இருக்கு, அதை வெட்டிப் பிக்கப் கவரா போடலாமா?

தச்சநல்லூர் உளி:

தம்பி, கட்டை தாராளமாப் போதும். டெலி பாடி சுமார் 400 × 325 மி.மீ., கனம் 44. உங்க 9 இஞ்ச் பலகை ஓரம் இழைச்சபிறகு 220 நிக்கும். ரெண்டு துண்டைப் பக்கம்பக்கமா ஒட்டினா 440. அப்படி ரெண்டு அடுக்கு, ஆக 430 நீளத்துல நாலு துண்டு. மூணு பலகையில ஆறு துண்டு விழும். மிச்சம் ரெண்டையும் எறிஞ்சிராதீங்க, ரௌட்டர் ஆழம், பசை, பாலிஷ் எல்லாத்தையும் முதல்ல அதுல பாத்துக்கிடுங்க. கனமும் சரியா வருது. முகத்துக்கு ஒரு மில்லி இழைச்சா 22, ரெண்டு அடுக்குக்கு 44. ஆனா 4 அடிப் பலகையை அப்படியே இழைக்கக் கூடாது. நீளத்துல இருக்கிற வளைவை எடுக்கவே மூணு நாலு மில்லி போயிரும். முதல்ல 430க்கு அறுங்க, பிறகு இழைங்க.

அதுக்கும் முன்னாடி ஆணி. தலை போய் உள்ளேயே முறிஞ்சு நிக்கிற ஆணிதான் ஆபத்து, ரௌட்டர் பிட் பட்டா தெறிக்கும். ஒரு சின்னக் காந்தத்தை நூல்ல கட்டி, பலகைக்கு ஒரு மில்லி மேல தொங்கவிட்டு மெதுவா நகர்த்துங்க. நூல் எங்க சாயுதோ அங்க இரும்பு இருக்கு. ஆணியைச் சுத்தித் தேக்குல நீலக்கறுப்பா ஒரு கறை ஓடியிருக்கும். ஆக்ஸாலிக் அமிலம் போட்டா வெளுக்கும்பாங்க. விட்டுருங்க, நல்ல கறை இருக்கிற துண்டை முன்பக்கம் வைங்க. கடைத் தேக்குல அது கிடைக்காது.

பச்சைப் பெயிண்டைக் காய்ஞ்சபடியே சாண்ட்பேப்பர் போட்டுறாதீங்க. பழைய பெயிண்டுல ஈயம் இருக்கலாம். உள்பக்கம் நெல்லுக்குப் பூச்சிப்பொடி தூவியிருக்கலாம். நனைச்சுச் சுரண்டி எடுங்க, மாஸ்க் கட்டாயம்.

ஒட்டுறதுலதான் தேக்கு ஏமாத்தும். அதுல எண்ணெய் இருக்கு, இழைச்சு ரெண்டு நாள் போட்டு வச்சா மேல் ஏறி வந்து பசையைப் பிடிக்கவிடாது. இழைச்ச அன்னைக்கே, முடிஞ்சா ஒரு மணி நேரத்துக்குள்ள, அசிட்டோன் நனைச்ச துணியால துடைச்சு, அது காஞ்சதும் ஒட்டிருங்க. மெதுவா இறுகுற எபாக்ஸி நல்லது. ஃபெவிகாலும் பிடிக்கும், மேற்பரப்பு புதுசா இருந்தா. கிளாம்ப் 10 செ.மீ.க்கு ஒண்ணு, 24 மணி நேரம். எபாக்ஸின்னா ரொம்ப இறுக்கக் கூடாது, பசை முழுக்கப் பிதுங்கி வெளிய வந்துரும்.

ஆசாரிகிட்ட முன்னாடியே சொல்லவேண்டியது ஒண்ணு இருக்கு: ரெண்டு அடுக்கிலும் ரேகை ஒரே திசையில, நீளவாக்குல ஓடணும். பிளைவுட் மாதிரி குறுக்கே போட்டா உறுதின்னு நினைப்பாங்க. 22 மி.மீ. கனத்துல அது செல்லாது. ஐப்பசியில ஊறி, பங்குனியில காயும்போது ஒண்ணு அகலமாகும், இன்னொண்ணு விடாது, வெடிச்சிரும். மேல் அடுக்கு இணைப்பு நடுவுல வரட்டும், கீழ் அடுக்கு இணைப்பை 40 மி.மீ. தள்ளிப் போடுங்க.

எடையும் பாக்கணும். தேக்கு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ, அதனால பாடி மட்டும் 2.7 கிலோ வரும். வழக்கமான ஆல்டர் பாடி 2 கிலோதான். ஒட்டுறதுக்கு முன்னாடி பேஸ் பக்கம் (தடிச்ச கம்பி வர்ற பக்கம்) கீழ் அடுக்குல 16 மி.மீ., மேல் அடுக்குல 14 மி.மீ. ஆழம் குடைஞ்சிருங்க. 250 நீளம், சராசரி 70 அகலம்னா 340 கிராம் குறையும். நடுவுல 100 மி.மீ., ஓரத்துல 15 மி.மீ. கட்டை நிக்கணும்.

குடையுற வரிசை முக்கியம். வெளி வடிவத்தை அறுக்கிறதுக்கு முன்னாடியே நெக் பாக்கெட்டை (நெக் உக்காருற குழியை) எடுத்துருங்க, ஆழம் 16 மி.மீ. டெலியில கட்அவே (கை எட்டுறதுக்காகப் பாடியில வெட்டின வளைவு) பக்கத்துச் சுவர் ஒல்லி, பழைய தேக்கு காய்ஞ்சு மொறுமொறுன்னு இருக்கும். வடிவம் அறுத்தபிறகு அங்க ரௌட்டர் விட்டா மூலை பேர்ந்து வந்துரும். ஒரு வீச்சுக்கு 4 மில்லிக்கு மேல இறக்காதீங்க.

பாலிஷ்: மெழுகு நீக்கின ஷெல்லாக் ரெண்டு கை, மேல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். மழைக்காலத்துல அடிச்சா பால் பூத்தமாதிரி வெளுத்துரும்.

கொக்கிரகுளம் ஃப்ரெட்:

உளி அண்ணாச்சி பாடியைப் பத்திச் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. நெக் பத்தி மட்டும்.

அந்தக் காலை நெக்குக்கு எடுக்காதீங்க. முதலாவது, 3×3 கால்ல மரத்தோட நடுத்தண்டு உள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். குறுக்குவெட்டு முகத்துல ஈரத்துணியால துடைச்சுப் பாருங்க, வளையம் எல்லாம் உள்ளுக்குள்ளேயே முழுவட்டமா தெரிஞ்சா அதேதான். அந்தக் கட்டை 100 ராத்தல் இழுவையில திருகும். ரெண்டாவது, ஃபெண்டர் வகை நெக்குக்கு 75 மி.மீ. அகலம் வேணும், காடி அதை முழுசாத் தராது.

முதல் கிட்டார்னா ரெடிமேட் மேப்பிள் நெக் வாங்குங்க. ஆனா நெக் கைக்கு வந்து, அதோட ஹீலை (பாடியில உக்காருற அடிப்பகுதியை) வெர்னியர்ல அளக்குற வரைக்கும் பாக்கெட் குடையக் கூடாது. 56 மி.மீ.ன்னு போட்டு வித்தது 55.6ம் இருக்கும், 56.4ம் இருக்கும். அரை மில்லி இடைவெளி விட்டா நெக் ஆடும், ஓரக்கம்பி ஃப்ரெட்போர்டை (விரல் வச்சு அழுத்துற பலகையை) விட்டு வழுக்கும்.

நெக்கும் நீங்களே செய்யணும்னு உறுதியா இருந்தா ஃப்ரெட்போர்டுக்குத் தேக்கு வேண்டாம், கம்பிக்கு அடியில சீக்கிரம் குழி விழும். ஈட்டி மரம் போடுங்க. ஃப்ரெட் (பலகையில குறுக்கே பதிக்கிற உலோகப் பட்டை) இடம்: மிச்ச கம்பி நீளத்தை 17.817ஆல வகுத்தா அடுத்த ஃப்ரெட்டுக்கான தூரம். 648 மி.மீ.க்கு (உங்க 25.5 இஞ்ச்) முதல் ஃப்ரெட் 36.37ல, 12ஆவது சரியா 324ல. எல்லா அளவும் நட்டிலிருந்து (நெக் உச்சியில கம்பியைத் தாங்குற துண்டு) ஒரே ஸ்டீல் ஸ்கேல்ல எடுங்க. ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததுன்னு தாவித்தாவி அளந்தா, ஒவ்வொரு தடவையும் கால் மில்லி பிசகி, 12ல போய் மூணு மில்லியா நிக்கும்.

நெக் ஸ்க்ரூ நாலு, 45 மி.மீ. நெக்குல 3 மி.மீ. துளை, பாடியில 4.2. பாடித் துளையில மரை கடிக்கவே கூடாது, ஸ்க்ரூ சும்மா நழுவி இறங்கணும். பாடியிலும் மரை பிடிச்சா எவ்வளவு முறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவுல காகிதம் நுழையுற சந்து இருந்துக்கிட்டே இருக்கும். ஸ்க்ரூவுல கொஞ்சம் சோப்பு தேய்ச்சு இறக்குங்க.

பிரிட்ஜ் (பாடியில கம்பியைத் தாங்குற பகுதி) கடைசி. நெக்கை மாட்டி, ரெண்டு ஓரக்கம்பிக்குப் பதிலா நூல் பிடிச்சு, ஃப்ரெட்போர்டு ஓரத்துல ரெண்டு பக்கமும் சமமா விழுதான்னு பாத்துட்டுத் துளை போடுங்க. 12ஆவது ஃப்ரெட்டிலிருந்து சின்ன ஈ கம்பி (ஒல்லியான ஓரக்கம்பி) சேடில் (பிரிட்ஜுல கம்பி உக்காருற, முன்னும் பின்னும் நகருற துண்டு) வரை 324. அந்தச் சேடில் அப்போ முன்னாடி எல்லைக்கு ரெண்டு மில்லி பின்னால நிக்கணும். தடிச்ச கம்பிகளுக்குப் பின்னால போகத்தான் இடம் தேவை, முன்னாடி இல்ல.

பாளை ஓம்:

பித்தளையைப் பிக்கப் கவராப் போடாதீங்க. காந்தம் ஒட்டாது, அதனால பாதிக்காதுன்னு நினைக்கலாம். ஆனா பித்தளை மின்சாரத்தை நல்லாக் கடத்தும், அதுல சுழல் மின்னோட்டம் ஓடி உச்ச ஒலியைத் தின்னுரும். டெலியோட பளிச்சுங்கிற சத்தமே அதுதான. கவருக்கு நிக்கல் சில்வர் எடுக்கிறது இதுக்காகத்தான். கன்ட்ரோல் பிளேட்டா பித்தளை இருந்தா ஒண்ணும் ஆகாது.

250கே பாட் (வால்யூம், டோன் திருகுற பாகம்) ரெண்டு, 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மூணு நிலை ஸ்விட்ச். குழிக்குள்ள செம்பு டேப் ஒட்டி, துண்டுக்குத் துண்டு மேல் சேர்ற இடத்துல ஒரு சொட்டு சால்டர் வைங்க. டேப்போட பசை எல்லாத்துலயும் மின்சாரம் கடத்தாது. பிரிட்ஜுக்கு அடியில எர்த் வயர் மறந்துறாதீங்க.

அந்த வயரால கம்பி எல்லாம் ஆம்ப்ளிஃபையர் எர்த்தோட சேர்ந்திருக்கும். வீட்டு எர்த் குழி சித்திரையில வறண்டு கிடந்தா, மைக்குல உதடு பட்டதும் சுரீர்ங்கும். வாசிக்கிற பிளக்குல லைனுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வச்சுப் பாருங்க, லைனுக்கும் நியூட்ரலுக்கும் காட்டுற அளவே காட்டணும். குறைஞ்சா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

அம்பை ஆறுகம்பி:

எல்லாருக்கும் நன்றி. நெக் வாங்கிருதேன். செல்லத்தை வெட்ட வேண்டாம்னு தோணுது. அதுக்குள்ள சுண்ணாம்புக் கரண்டகம் ஒண்ணு இருக்கு, உருண்டை மூடி, உள்விட்டம் 19 மி.மீ. அதை வால்யூம் நாப் (திருகுற குமிழ்) ஆக்கலாமா?

தச்சநல்லூர் உளி:

அருமையா ஆகும், அதுலயும் எதையும் வெட்ட வேண்டாம். பழைய பிளாஸ்டிக் நாப் ஒண்ணை வெளிவிட்டம் 16 வர்ற வரைக்கும் தேய்ச்சு, மூடிக்குள்ள எபாக்ஸியில உக்காத்துங்க. பாட் தண்டு 6 மி.மீ.யா 6.35ஆன்னு முதல்லயே அளந்து அதுக்கேத்த நாப் எடுங்க. நடு பிசகினா திருப்பும்போது தள்ளாடும், அதனால தண்டுல மாட்டி, சுத்திப் பாத்துக்கிட்டே இறுகவிடணும். தண்டுல மெழுகு தடவிருங்க, இல்லன்னா பாட்டோட சேர்ந்து ஒட்டிரும்.

மூடிக்குள்ள காய்ஞ்ச சுண்ணாம்பு செதிலா ஒட்டியிருக்கும், அது மேல எபாக்ஸி நிக்காது. புளியைக் கரைச்சு ஊத்தி ஒரு மணி நேரம் வச்சா உதிர்ந்துரும். உள்பக்கம் மட்டும் 120 நம்பர் சாண்ட்பேப்பர். வெளியில விரல் பட்டுத் தேஞ்ச இடத்தைத் தொடாதீங்க, மினுக்கவும் வேண்டாம்.