புராஸ்டேட் ஊசிக்கும் இதயத் துடிப்புக்கும் என்ன தொடர்பு?

கேள்வி:
அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். லியூப்ரோலைடு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், ரத்தத்தில் இந்தப் புற்றின் அளவைக் காட்டும் பிஎஸ்ஏ நன்றாக இறங்கிவிட்டது. இப்போது நெஞ்சுச் சளிக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுத வந்த டாக்டர், இந்த ஊசி பற்றித் தெரிந்ததும் முதலில் ஈசிஜி எடுத்துவாருங்கள், கியூடி நீண்டிருக்கிறதா பார்க்கணும் என்கிறார். அப்பாவுக்கு இதயக் கோளாறே கிடையாது. பயமாக இருக்கிறது, ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்:
தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் புற்று பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர், அதைச் சுரக்கும் விரைகளை அகற்றினால் நோய் அடங்குவதைக் காட்டினார், 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைய ஊசி கத்தி இல்லாமல் அதையே செய்கிறது. ஆனால் அந்த ஹார்மோனுக்கு இதயத்திலும் வேலை உண்டு. இதயத்தின் கீழறைகளில் மின்தூண்டல் பரவி, மறுபடி அடங்கிப் பழைய நிலைக்கு வர ஆகும் நேரம்தான் கியூடி. அடங்க வேண்டுமென்றால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேற வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அதைச் சீக்கிரம் முடிக்க உதவுகிறது, பருவ வயதுக்குப் பிறகு பெண்களைவிட ஆண்களுக்குக் கியூடி குறுகலாக இருப்பது இதனால்தான். ஊசியால் ஹார்மோன் வற்றும்போது அந்த நேரம் கொஞ்சம் நீள்கிறது.

இன்னொரு பதில்:
மேலே சொன்னது சரி, ஆனால் ஊசி மட்டும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை, அதன்மேல் இன்னொரு மருந்து சேரும்போதுதான் கவனம் வேண்டும். பொட்டாசியம் வெளியேறும் ஹெர்க் என்ற வழியைப் பல மருந்துகள் அடைக்கும். டெர்ஃபெனாடின் என்ற அலர்ஜி மாத்திரை இதனால்தான் 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. அதற்கப்புறம் 2005-லிருந்து புது மருந்துகளை இதற்கென்று சோதிக்கும் சர்வதேச வழிகாட்டுதலும் வந்தது. அசித்ரோமைசின், வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான், சில மனநல மருந்துகள் எல்லாமே கியூடியை நீட்டக்கூடியவை. நாடித் துடிப்புக்கேற்பத் திருத்திய கியூடி ஆண்களுக்கு 450 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 500-ஐத் தாண்டினால் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அவை குறைந்திருந்தால் ஆபத்து கூடும். பின்னால் இதே புற்றுக்கான அபிராடெரோன் மாத்திரை கொடுத்தால் கூடவே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும் தருவார்கள், பொட்டாசியம் இறங்கிவிடாமல் காப்பதும் அதன் வேலை, அதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஒண்டான்செட்ரான் வீட்டில் இருக்கிறது, எப்போதாவது போட்டுக்கொள்வார். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். ஊசி தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய ஈசிஜி ஒன்று இருக்கிறது, அது உதவுமா?

பதில்:
கண்டிப்பாக எடுத்துப்போங்கள். இன்றைய அளவை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு அதுதான் ஆதாரம். நடுவில் தலைசுற்றல், மயக்கம், படபடப்பு எது வந்தாலும் ஈசிஜி முடிவுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போய்விடுங்கள்.