ஸ்டென்ட் வைத்த இடத்தில் மீண்டும் சுருக்கம்: மரபணு சிகிச்சை அறிந்தோர் உதவவும்

குழு அன்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரி அருகே சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் தந்தையாருக்குச் சென்ற ஆண்டு கோவையில் இதயத் தமனியில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். இப்போது பசுந்தேயிலை மூட்டையுடன் மேட்டில் பத்தடி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார், அதே இடம் மீண்டும் சுருங்கியிருக்கிறதாம். ஸ்டென்ட்டைப் பொருத்தப் பலூன் விரியும்போது காயப்படும் தமனிச் சுவரின் தசைச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதே காரணம் என்றும், அப்பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்களை அடக்க முயன்ற எடிஃபோலிகைடு என்ற மருந்து, 2005-இல் வெளியான 3,014 பைபாஸ் நோயாளிகளின் ஆய்வில் பலன் தரவில்லை என்றும் படித்தேன் (அது பைபாஸில் பொருத்தும் சிரைகளுக்கானது, ஸ்டென்ட்டுக்கு அல்ல). ஸ்டென்ட்டினுள் வரும் சுருக்கத்துக்கு மரபணு சிகிச்சை இன்று எங்கேனும் மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறதா, மருந்து பூசிய பலூன்தான் இப்போதைக்கு வழியா என்பதை இதயநோய்த் துறையினர் தெரிவித்தால், அடுத்த வாரம் மலையிறங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் குறித்துக்கொள்வேன்.