மறு: டீகால் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டீகால் (தாளிலிருந்து பெயர்த்து இன்னொரு பரப்பில் ஏற்றும் அச்சுப்படம்) என்பதற்கு இந்த இழையில் இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள் ஒட்டி, ஒட்டுப்படம், நீரொட்டி, வழுக்குப்படம், பெயர்ப்புப்படம். இவற்றில் 'ஒட்டு' உள்ள எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நான் செய்வது சின்ன விமான மாதிரிகள். அதிலும் இரண்டாம் உலகப் போரில் போலந்து விமானிகள் ஓட்டியவற்றின் மேல்தான் பித்து. அதனால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஸ்டிக்கர் எல்லாருக்கும் தெரிந்த பொருள். டீகாலும் ஒருவகை ஸ்டிக்கர்தானே? ஒட்டி என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. ஸ்டிக்கரை உரிக்கிறோம், வைக்கிறோம், அவ்வளவுதான். கோணலாக வைத்தால் கோணல்தான். டீகாலை உரிக்கப் போனால் கிழிந்துவிடும். அடியில் ஒரு தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம், படலத்தில் அச்சிட்ட படம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து வைத்தால் பசை இளகி, படம் தாளைவிட்டு நழுவும். அதை விமானத்தின்மேல் தள்ளிவிட்ட பிறகும் அடியில் ஈரம் இருக்கும்வரை தூரிகை நுனியால் நகர்த்தலாம், திருப்பலாம். ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகுதான் அது அங்கே குடியேறுகிறது. ஒட்டுவது கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முந்தைய நகர்வில்தான் இந்தப் பொருளின் உயிரே இருக்கிறது.

போலந்து விமானங்களில் இந்த நகர்வு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். அவர்களுடைய விமானப்படைச் சின்னம் சிவப்பும் வெள்ளையுமான நான்கு சதுரங்கக் கட்டங்கள். போர்க்காலத்தில் இடது மேல் கட்டம் சிவப்பு. 1993இல் இந்த வரிசையை மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில் வெள்ளை. 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு நீளத்தில் செய்யும் மாதிரியில், அது சின்னஞ்சிறு சதுரம். எழுத்தா எண்ணா ஏதும் கிடையாது, மேல் எது கீழ் எது என்று பார்த்ததும் தெரியாது. தண்ணீரில் மிதக்கும்போது கால்வட்டம் திரும்பினால் போதும், 1939ஆம் ஆண்டு பி.இசட்.எல். பி.11 விமானத்தில் 1993ஆம் ஆண்டுச் சின்னம் வந்து உட்கார்ந்துவிடும். டீகாலாக இருப்பதால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஸ்டிக்கராக இருந்தால் போச்சு.

> இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் தனிச் சொல் வேண்டுமா? பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாமே.

செலவைக் குறைத்து மாதிரி செய்கிறவனுக்கு இது சின்ன விஷயமே இல்லை. 303ஆம் படைப்பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் பிரிட்டிஷ் விமானப்படையின்கீழ் உருவாக்கப்பட்டு, லண்டனுக்கு மேற்கே நார்த்தோல்ட்டிலிருந்து பறந்த போலந்துப் பிரிவு அது. அவர்கள் ஓட்டியது ஆங்கிலேயர்கள் ஓட்டிய அதே ஹரிக்கேன் போர்விமானம். மேலே அடர்பழுப்பும் அடர்பச்சையும், அடியில் வெளிர்பச்சை கலந்த 'ஸ்கை' நிறம், எல்லாம் அதேதான். ஆகவே கிடைக்கிற மலிவான ஹரிக்கேன் கிட் (மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டி) எதுவானாலும் வாங்கலாம். 1/72இல் இறக்கை நுனிக்கு நுனி 17 சென்டிமீட்டர் வரும். பிளாஸ்டிக்கில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். பக்கவாட்டில் ஆர்எஃப் என்ற எழுத்துகளும் வால் பக்கம் சரியான வரிசை எண்ணும் வந்தால் அது 303. ஆர்எஃப்-ஆர் என்றும் ஆர் 4175 என்றும் போட்டால், அந்தப் பிரிவில் சேர்ந்து பறந்த செக் நாட்டுக்காரர் யோசெஃப் ஃப்ரான்டிஷெக் 1940 அக்டோபர் 8 அன்று விழுந்து இறந்த விமானம். பிற்காலத்து ஸ்பிட்ஃபயர் போர்விமானக் கிட்டில் டொனால்ட் வாத்துப் படம் ஒன்றைச் சேர்த்தால் அதே பிரிவின் விமானி யான் ஜும்பாக் ஓட்டியது. யார் ஓட்டியது என்று சொல்வது முழுக்க அந்தச் சின்னத் தாள்தான்.

பெயின்ட் அடிக்கலாம் என்கிற நண்பர், இந்த 303ஆம் பிரிவு தாங்கிய கொஷ்சியுஸ்கோ சின்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும். 1919–20இல் சோவியத்துக்கு எதிராகப் போலந்துக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வலர்களில் ஒருவரான எலியட் செஸ் வரைந்தது. சுற்றி 13 நட்சத்திரங்கள், நடுவே கோடுகள், அதன்மேல் நான்குமுனைத் தொப்பி, குறுக்காக இரண்டு அரிவாள்கள் (போலந்தில் கொஷ்சியுஸ்கோ தலைமையில் நடந்த 1794 எழுச்சியில் உழவர்கள் நீண்ட கம்பில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு போனார்களே, அவை). இது அத்தனையும் மிளகு அளவுக்குள். எந்தத் தூரிகை எழுதும்?

வீட்டிலேயே அச்சிடலாம், அது இன்னும் மலிவு. ஒரு சிக்கல்தான்: நம் பிரின்டர்கள் எதற்கும் வெள்ளை மை கிடையாது. அதனால் சின்னம் வரும் இடத்தில் முதலில் வெள்ளைச் சதுரம் வண்ணமாக அடித்துவிட்டு, நிறமற்ற தாளில் சிவப்பை மட்டும் அச்சிட்டு அதன்மேல் இறக்க வேண்டும். இன்க்ஜெட் என்றால் அச்சிட்டதும் ஒருகை வார்னிஷ் அவசியம், இல்லாவிட்டால் போலந்து முழுக்கத் தண்ணீரில் கரைந்து போகும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். போலந்துக்காரர்கள் இதைக் 'கால்கோமானியா' என்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தது, படி எடுப்பது என்ற வேர். ஜெர்மானியர் 'இழுத்தெடுக்கும் படம்' என்ற பொருளில் ஒரு சொல்லும், 'ஈரத்தில் தள்ளும் படம்' என்ற பொருளில் இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். யாருமே பசையைச் சொல்லவில்லை, கவனியுங்கள். (போலந்தில் 1957இல் தொடங்கிய 'மாவி மோடெலாஷ்' இதழின் அட்டை மாதிரிகளுக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது. விமானம் என்றால் 1/33 அளவு, சின்னம் உட்பட எல்லாம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். கத்தரிக்கோலும் பசையும் போதும். மலிவு என்றால் அதுதான் மலிவு.)

வழுக்குப்படம் எனக்குப் பிடித்தது. ஆனால் கோப்பைகளில் பதித்துச் சூளையில் சுடுகிறார்களே, தேய்த்தால் இறங்கும் உலர்வகையும் இருக்கிறதே, அவற்றுக்கும் சேர்த்து ஒரே வேர் வேண்டும். தேய்த்து இறக்குவது வழுக்குவதில்லை.

பெயர்த்தல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நாற்றைப் பெயர்த்து நடுகிறோம், பாறையைப் பெயர்க்கிறோம். ஓரிடத்திலிருந்து கிளப்பி இன்னோரிடத்தில் வைப்பது. நீர்ப்பெயர்ப்பு, உலர்பெயர்ப்பு, சுடுபெயர்ப்பு என்று கிளைகளும் இயல்பாக வருகின்றன. என் திருத்தம் ஒன்றே ஒன்று: பெயர்ப்புப்படம் வாயில் நிற்கவில்லை, 'பெயர்படம்' என்று சுருக்கலாம்.

> பெயர்படம் என்றால் பெயர் எழுதிய படம் என்று நினைக்கமாட்டார்களா?

அப்படியானால் பெயர்ப்பலகை போலப் 'பெயர்ப்படம்' என்று வல்லினம் மிகும். இது வினைத்தொகை: பெயர்ந்த, பெயர்கிற, பெயரும் படம். சுடுசோறு, குடிதண்ணீர் வரிசை. ஒற்று மிகாது. ஒற்றைக் கவனிக்காதவர்கள் குழம்புவார்கள்தான். ஆனால் கிட் பெட்டிக்குள் இந்தத் தாளைப் பார்த்தவர் யாரும் குழம்பப் போவதில்லை.

துணைச்சொற்களையும் இப்போதே முடித்துவிட்டால் நல்லது. அடியில் இருக்கும் தாளுக்கு அடித்தாள், படத்தைச் சுமக்கும் படலத்துக்கு ஏந்துபடலம். மங்கலான பரப்பில் வைத்தால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு ஏந்துபடலம் சாம்பல் வெண்மையாகத் தெரியும். அதற்கு 'வெள்ளி பூத்தல்' என்று எழுதிவருகிறேன். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிட்டால் இது வராது. படலத்தை இளக்கிப் பரப்போடு படியவைக்கும் கரைசலுக்கு மட்டும் நல்ல சொல் கிடைக்கவில்லை. கடையில் விலை அதிகம் என்பதால் பலரும் தண்ணீர் கலந்த வினிகரையே தடவுகிறார்கள்; ஆனால் கட்டுரையில் வினிகர் என்று எழுதினால் கடைச்சரக்கு வாங்கியவர் விழிப்பார். 'படிநீர்' சரியா? இளக்கி என்றால் பெயின்ட் தின்னரோடு குழம்பும்.

தொகுப்பாசிரியர் இந்த வாரமே சொற்பட்டியலை மூடுவதாகச் சொல்லியிருக்கிறார். படிநீருக்கு மாற்று இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மாதிரி விமானம் செய்கிறவன்