பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்கள்ல டேட்டா மைனிங், யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, நான் காலேஜ்ல மியூசிக்கல் தியேட்டர் சொல்லித் தர்றேன். சிலபஸ் முழுக்க நியூயார்க் பிராட்வே நாடகங்கள் தான். சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணம் எழுதின ஊர்ல இருந்துட்டு, மியூசிக்கல்னா நியூயார்க்னு பசங்க நினைக்கிறது எனக்கு ரொம்ப வலிக்குது.

அதனால இசை நாடகப் பாட்டுப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி ராகம், தாளம், மெட்டு மூணையும் டேபிளா எடுத்து, எது எதோட அடிக்கடி சேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கிற அப்ரியோரிங்கிற அல்காரிதம் வச்சு பார்க்கலாம்னு இறங்கிருக்கேன். பார்சி நாடகக் கம்பெனிங்க வழியா வந்த இந்துஸ்தானி மெட்டு கர்நாடக ராகத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கும், அந்தக் கலப்பை பசங்களுக்குக் கண்ணால காட்டணும். அப்புறம் தெருக்கூத்து, யட்சகானம் பாட்டுகளையும் இதே மாதிரி சேர்க்கணும்.

சிக்கல் என்னன்னா, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின எழுத்து. துதிக்கை போட்ட லை, ணை, சுழிச்ச றா, னா எல்லாத்தையும் டெசராக்ட் (ஸ்கேன் படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற ஓசிஆர் சாஃப்ட்வேர்) கண்டபடி படிக்குது. அதைக் கையால திருத்தினாலும் ராகப் பேரு 'காபி', 'காப்பி', 'இந்துஸ்தான் காபி'ன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, முதல் ரெண்டையும் ஒண்ணா சேர்க்கலாம், ஆனா மூணாவதையும் சேர்த்துட்டா நான் தேடுற வித்தியாசமே அழிஞ்சு போயிடும்.

பழைய எழுத்துக்கு ஓசிஆர் ட்ரெயின் பண்ணினவங்க இருக்கீங்களா? ராகப் பேரை எப்படி குரூப் பண்றதுன்னு இசை தெரிஞ்சவங்களும் சொல்லுங்க. வீட்ல தாத்தாவோட நாடகப் பாட்டுப் புத்தகம் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல.