ரயில் இருக்கையிலேயே டயப்பர் மாற்றிவிட்டேன், தப்பா?

ஏழுமாத அப்பா:

முந்தாநாள் நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை, அதான் கேட்கிறேன்.

நானும் என் ஏழு மாத மகளும் மட்டும், ரயிலில் ஐந்து மணி நேரப் பயணம். மனைவி முன்னாடியே போய்விட்டாள். எதிரெதிரே இருக்கை, நடுவில் ஒரு சின்ன மேசை. எதிரில் ஒரு பெரியம்மா, என் பக்கத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கும் ஒரு பையன். கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பாப்பா திடீரென்று விளையாட்டை நிறுத்தினாள். கண் ஒரே இடத்தில் நின்றது, முகம் சிவந்தது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு அடுத்த வரி தேவையில்லை. போன மாதம்தான் பாலோடு திட உணவும் கொடுக்க ஆரம்பித்தோம். அதற்கு முன் இருந்த வாசம் வேறு, இப்போது வருவது வேறு.

தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். மாற்றுவதற்குப் பலகை என்று ஒன்று அங்கே இல்லை. தரையெல்லாம் ஈரம். வாஷ்பேசின் என் இரண்டு உள்ளங்கை அகலம்தான். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் சுவர்க் கம்பி, பையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். வண்டி வளைவில் ஆட, தோள் போய்க் கதவில் இடித்தது. சரி, இது வேலைக்கு ஆகாது என்று இருக்கைக்கே திரும்பி, பாயை விரித்து மாற்றிவிட்டேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

பெரியம்மா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தியமாக நான் கவனிக்கவில்லை. டப்பாவை டப்பென்று மூடினார். “இதையெல்லாம் இங்கேயாப்பா செய்வாங்க?” என்றார். “உள்ளே இடமில்லைங்க” என்றேன். அதற்குமேல் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்வரை டப்பாவைத் திறக்கவே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கழற்றிய டயப்பரை ஒரு கவரில் போட்டுக் கட்டி என் காலடியில் வைத்தேன். முடிச்சு சரியில்லை போல. பக்கத்துப் பையன் தூக்கத்திலேயே மூக்கைச் சுளித்தான்.

நாளை மறுநாள் அதே வழியில் திரும்பணும். நீங்களெல்லாம் என்ன செய்வீர்கள்?

ஜன்னலோரம்:

தப்பே இல்லை. ஆயோடு நான்கு மணி நேரம் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கணுமா? பிடிக்காதவர்கள் திரும்பிக்கொள்ளட்டும். அவரும் அதைத்தானே செய்தார்.

இரட்டையரின் அம்மா:

தம்பி, இரண்டு பேரை ஒரே நேரத்தில் வளர்த்தவள் சொல்கிறேன். முதலில் உள்ளே இருப்பது மூச்சாவா, ஆயா என்று பாருங்கள். மூச்சா என்றால் அவசரமே இல்லை. டயப்பருக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்று ஒரு பொடி இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைய டயப்பர்களில் முன்னால் ஒரு மஞ்சள் கோடு இருக்கும், நனைந்தால் நீலமாகும். கோடு நீலமானதுமே பதறிக்கொண்டு எழுந்திருக்க வேண்டாம். டயப்பர் கனத்துத் தொங்காதவரை அடுத்த நிலையம் வரைக்கும் தாங்கும்.

ஆய் அப்படி இல்லை. அதில் செரிமான நொதிகள் கிடக்கும். மூச்சாவும் சேர்ந்தால் தோலின் காரத்தன்மை ஏறி, அந்த நொதிகளுக்கு வீரியம் கூடும். தொடை இடுக்கு சிவந்து புண்ணாவது இதனால்தான். அதனால் நீங்கள் காத்திருக்காமல் மாற்றியது சரி. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் மூன்று நிமிஷம் அதிகம். பெரிய பையை அப்படியே தூக்கிக்கொண்டு போனதுதான் கோளாறு. ஒரு சின்னப் பை தனியாக வையுங்கள்: ஒரு டயப்பர், ஐந்து வைப்ஸ் (துடைக்கிற ஈரத் தாள்), மடிக்கிற பாய், இரண்டு கவர். அவ்வளவுதான். வைப்ஸை முன்னாடியே பாக்கெட்டிலிருந்து உருவி ஒரு சின்னக் கவரில் போட்டுவிடுங்கள். ஒரு கையால் பாக்கெட்டோடு மல்லுக்கட்டும்போது ஒன்று கேட்டால் ஆறு வரும். பழையதைத் திறப்பதற்கு முன்பே புது டயப்பரைப் பிள்ளைக்கு அடியில் சொருகிவிடணும். பழையதன் முன்பக்கத்தாலேயே ஒரு வழி வழித்துவிட்டு, அப்புறம் வைப்ஸ். பெண் பிள்ளை என்பதால் முன்னாலிருந்து பின்னாலதான் துடைக்கணும், இது தெரிந்திருக்கும். கழற்றியதை இறுக்கிச் சுருட்டி, அதன் ஒட்டுப் பட்டைகளாலேயே ஒட்டி, ஒரு கவர், அதன்மேல் இன்னொரு கவர். காலடியில் வைப்பதை மறந்துவிடுங்கள். பெட்டி ஓரத்துக் குப்பைத்தொட்டிக்குப் போகணும், இல்லையென்றால் உங்களோடு இறங்கணும். கழிப்பறைக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள். தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்துக் குழாயை அடைத்துவிடும். வைப்ஸும் கரையாது.

முதுகுவரை ஏறிவிட்டால் பனியனைத் தலைவழியாகக் கழற்றாதீர்கள். தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த துணி இருக்கிறதல்லவா, அதை விரித்துக் கீழ்வழியாக இறக்கிவிடலாம். என் இருவருக்கும் எட்டு மாதம் ஆன பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. அதுவரை எத்தனை தலைகளை நாறடித்தேனோ.

கைக்கு சானிடைசர் மட்டும் போதாது. அழுக்கு கண்ணுக்குத் தெரியும் கையில் அது சரியாக வேலை செய்யாது, நோரோவைரஸ் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. சோப்புத் தண்ணீர்தான். அந்த வாஷ்பேசின் அதற்காவது உதவும்.

அப்புறம் ஒன்று. பால் வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஊட்டிவிட்டால் பாதி நாள் நிலையத்திலேயே வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி நாள் அவர்கள் இஷ்டம்.

கடைசி இருக்கை:

நான் அந்தப் பெரியம்மா பக்கம். மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டேன், ஆய் பார்த்து முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனால் எதிரில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது எச்சரிக்கை இல்லாமல் திறப்பது வேறு விஷயம். “அம்மா, பாப்பாவுக்கு மாற்றணும், உள்ளே வசதியில்லை, இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்வீர்களா” என்று கேட்டிருந்தால் அவரே டப்பாவை மூடிவிட்டு, பிள்ளையின் காலையும் பிடித்துக்கொண்டிருப்பார். “உள்ளே இடமில்லைங்க” என்று நீங்கள் சொன்னது முடிந்த பிறகு.

ஜன்னலோரத்துக்கு ஒரு வார்த்தை. கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம் சகோ, மூக்கை எங்கே திருப்புவது?

ஒருமுறை விமானத்தில் எனக்கு முன் வரிசையில் ஒருவர் சாப்பாட்டுப் பலகையை இறக்கி, அதன்மேலேயே பிள்ளையைப் படுக்கவைத்து மாற்றினார். அடுத்த பயணி அதில்தான் தட்டை வைக்கப் போகிறார். கழிப்பறையில் தொட்டிக்கு மேலே மடித்து இறக்கும் பலகை உண்டு. எல்லா அறையிலும் இருக்காது, எதில் இருக்கிறது என்று பணிப்பெண்ணைக் கேட்டால் காட்டுவார். ஆனால் கழற்றியதை அவர் கையில் திணிக்காதீர்கள். அதே கையால்தான் எல்லாருக்கும் சாப்பாடு தருகிறார்.

பஸ்காரன்:

ரயிலிலாவது கழிப்பறை இருக்கிறது. எங்கள் பாடு பஸ். ஊருக்குள் ஓடும் பஸ் என்றால் இறங்கி மாற்றிவிட்டு அடுத்ததைப் பிடிப்பேன், அதுதான் சுலபம். தொலைதூரம் என்றால் நிற்கும்வரை இருக்கையில் பிள்ளையை மல்லாத்தவே மாட்டேன். ஒரு தடவை மாற்றிக்கொண்டிருந்தபோது டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். பிள்ளையை முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துவிட்டேன். டயப்பர் மட்டும் பறந்தது. எங்கே விழுந்தது என்று கேட்காதீர்கள்.

உங்கள் பாப்பா எதையாவது பிடித்து நிற்க ஆரம்பித்ததும் ஜட்டி மாதிரி வரும் டயப்பருக்கு மாறிவிடுங்கள் அண்ணா. நிற்கவைத்தபடியே இரண்டு ஓரத்தையும் கிழித்தால் கழன்று வரும்.

எனக்கு இருக்கும் ஒரே வயிற்றெரிச்சல் வேறு. ஒரு பெரிய பஸ் நிலையத்தில் பலகை இருந்தது, ஆனால் பெண்கள் கழிப்பறைக்குள். வாசலில் நின்று, போகிற வருகிற அக்காக்களிடம் “என் பையனுக்கு மாற்றித் தருகிறீர்களா” என்று கேட்பதா? கடைசியில் என் தொடையே பலகை ஆனது.

ஏழுமாத அப்பா:

எல்லாருக்கும் நன்றி. கடைசி இருக்கை சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. அவர் சாப்பிடுகிறாரா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

சின்னப் பை இப்போதே கட்டிவிட்டேன். வீட்டில் ஒத்திகையும் பார்த்தாயிற்று, இரண்டு நிமிஷம் பத்து நொடி. பாப்பா நடுவில் குப்புறப் புரண்டுவிட்டாள், இல்லையென்றால் இன்னும் குறைந்திருக்கும். முடிச்சைப் போட்டுவிட்டு மனைவியிடம் நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னேன், திட்டுதான் கிடைத்தது.

இரட்டையரின் அம்மா, ஐந்து வைப்ஸ் போதுமா அக்கா?

இரட்டையரின் அம்மா:

திட உணவு ஆரம்பித்துவிட்டது என்றீர்களே. எட்டு வையுங்கள்.