காக்னிட்டிவ் பயஸ்: சார்பா, சாய்வா, கோட்டமா?

அன்பர்களே,

நம் சிந்தனை தெரியாமலே ஒரே பக்கமாகப் பிசகுவதைக் 'காக்னிட்டிவ் பயஸ்' என்கிறார்கள். இந்த 'பயஸ்' என்பதைச் சார்பு என்றும் சாய்வு என்றும் எழுதிவருகிறோம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன், சாய்வு என்றால் ஸ்லோப். மூன்றும் ஒரே கட்டுரையில் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம்தான். என் முன்மொழிவு 'உட்கோட்டம்'. குறள் 119: 'உட்கோட்டம் இன்மை பெறின்'. துலாக்கோல் எப்போதும் ஒரே பக்கம் இறங்கினால் அது கோட்டம். அங்குமிங்கும் ஆடினால் அது வேறு வகைப் பிழை.

(மயிலாப்பூர்)

> என் முன்மொழிவு 'உட்கோட்டம்'

ஐயா, அது நடுவுநிலைமை அதிகாரத்துச் சொல். வேண்டியவர் பக்கம் சாய்வதை வள்ளுவர் அங்கே கண்டிக்கிறார். நாம் பேசுவது தெரியாமலே நேரும் விலகல். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974 கட்டுரையில் விவரித்த எண் சக்கரம் 10-இல் அல்லது 65-இல்தான் நிற்கும். அதைச் சுற்றியபின், ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. இதில் ஓரவஞ்சனை எங்கே? 'எண்ணக்கோட்டம்' போதும். (வள்ளுவர் கோட்டத்துக்குப் பஸ் கேட்க மாட்டார்கள் என்று நம்புவோம்.)

இப்படி முதலில் கண்ட எண்ணை ஒட்டியே மதிப்பிடுவதுதான் 'ஆங்கரிங்'. அதற்கு நங்கூரம் வேண்டாம். 'முதலெண் கோட்டம்' என்றால் பரிகாரமும் பெயரிலேயே இருக்கிறது: அடுத்தவர் எண் காதில் விழுமுன் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். வேளச்சேரியில் வீடு பார்க்கிறவர், அதே தெருவில் நாலைந்து வாடகைகளை விசாரித்து, உச்சவரம்பைக் குறித்துக்கொண்டு புரோக்கரிடம் போகட்டும். அவர் 28,000 என்றபின் யோசித்தால், அங்கிருந்து இறங்கத்தான் பார்ப்போம். போதிய அளவு இறங்கவும் மாட்டோம்.

(பெரம்பூர்)

எண்ணக்கோட்டத்துக்கு என் ஓட்டு. 'கன்ஃபர்மேஷன் பயஸ்', அதாவது நம் ஊகத்துக்கு ஒத்த சான்றையே தேடுவது, இன்னும் சிக்கல். 'உறுதிப்படுத்தல் சார்பு' என்கிறோம். ஆனால் 'உறுதிப்படுத்திக்கொண்டு ஃபார்வர்டு பண்ணு' என்பது நல்ல புத்தி அல்லவா! பொருளே தலைகீழ். உளவியலாளர் வேசன் 1960-இல் 2, 4, 6 என்று கொடுத்து விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பலர் 8, 10, 12 போலத் தங்கள் ஊகத்துக்கு ஒத்ததையே சோதித்தார்கள். விதியோ வெறும் ஏறுவரிசை. 1, 2, 9-உம் பொருந்தும். ஆகவே 'ஒத்ததேடல் கோட்டம்'.

'பாரபட்சமின்றி யோசி' என்ற அறிவுரை இதற்குப் பயன்படாது. உளவியலாளர்கள் லார்டு, லெப்பர், பிரெஸ்டன் 1984-இல் சோதித்தபோது அது பலிக்கவில்லை. 'இதே ஆய்வு எதிர்முடிவைத் தந்திருந்தால் இப்படியே மதிப்பிட்டிருப்பாயா?' என்று கேட்டது பலித்தது. அகராதிப் பதிவில் விளக்கத்தோடு இந்தக் கேள்வியையும் சேர்க்கலாம்.

நடந்து முடிந்தபின் 'இது முன்பே தெரிந்ததுதான்' என்று தோன்றும் 'ஹைண்ட்சைட் பயஸ்' பாக்கி. 'அப்பவே சொன்னேன் கோட்டம்' என்று யாராவது எழுதுமுன் நல்ல சொல்லாகத் தாருங்கள்.

(அடையாறு)